ஜூனில் வரும் மூன்று குழந்தைகளுக்கு நான் தயாரா?

கடிதம் எழுதியவர் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியின் இடைநிலை ஆசிரியை. ஒன்று முதல் மூன்று வரை அவர் பொறுப்பு. நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியர் பொறுப்பு. சேர்க்கைக்காக ஊருக்குள் வீடு வீடாகப் போனபோது மூன்று குழந்தைகளைப் பார்த்திருக்கிறார். ஐந்தரை வயதுப் பெண் ஒருத்தி; வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள்; அவள் வாயிலிருந்து நாலைந்து சொற்களுக்கு மேல் வருவதில்லை. ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு மூளை முடக்குவாதம். பிடித்துக்கொண்டால் உட்காருவான், எச்சில் வடிந்துகொண்டே இருக்கும், எப்போதாவது வலிப்பும் வரும். மூன்றாவது ஏழு வயதுப் பையன். பாட்டில் மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டே இருப்பான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். சென்ற ஆண்டு வேறொரு பள்ளியில் சேர்த்து, சில நாளிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை என்கிறார் இவர். ஆனால், "நம்மகிட்ட என்ன வசதி இருக்கு டீச்சர்? ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்க்கச் சொல்லிடலாம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மற்ற பெற்றோர் சிலரும் முணுமுணுக்கிறார்கள். ஆசிரியையின் கேள்விகள் இவை: சேர்க்க முடியாது என்று சொல்லலாமா? வலிப்பு வந்து ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விழுமா? ஓசூரில் ஆறு மாதச் சிறப்புக் கல்விச் சான்றிதழ் படிப்பு என்று 40,000 ரூபாய்க்கு விளம்பரம் பார்த்தேன், நகையை அடகு வைத்தாவது சேர்ந்துவிடட்டுமா? கடைசிப் பக்கத்தில் இப்படி முடிக்கிறார்: "அந்தப் பையனின் எச்சிலைத் துடைத்தபோது எனக்குக் குமட்டிவிட்டது. அவன் அம்மா பார்த்துவிட்டார். இப்படிப்பட்ட நான் அவனுக்கு எப்படிப் பாடம் எடுப்பேன்?"

டீச்சர், அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். குமட்டல் உடம்பு செய்வது. அதற்கும் உங்கள் மனசுக்கும் சம்பந்தமில்லை. செவிலியர்களுக்கும் முதல் மாதத்தில் இது உண்டு, பழகினால் போய்விடும். குமட்டியும் கையை எடுக்காமல் துடைத்துவிட்டீர்களே, அந்த அம்மா அதையும்தான் பார்த்திருப்பார். ஜூனில் நீங்கள் செய்யவேண்டியது எளிது. வீட்டிலிருந்து நாலு பருத்தித் துண்டு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கழுத்தில் ஒன்று கட்டியிருக்கட்டும், நனைந்தால் மாற்றிவிடலாம். துடைக்கும்போது தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உதட்டைச் சுற்றித் தோல் புண்ணாகும், எச்சில் இன்னும் ஊறும். அவன் தலை முன்னால் தொங்காமல் உட்கார வைத்தாலே வடிவது குறைவதைப் பார்ப்பீர்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேறொன்று உறுத்தியது. எந்தப் படிப்பு, எந்தச் சான்றிதழ், எந்த வகைக் குறைபாடு என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தப் பெண் எதைப் பார்த்தால் சிரிப்பாள், முடக்குவாதப் பையன் ஆமாம், இல்லை என்பதை எப்படிக் காட்டுவான், ஓடும் பையன் எங்கே ஓடுவான் என்று ஒரு வரிகூட இல்லை. ஜூனுக்கு முன் நீங்கள் படிக்கவேண்டிய பாடம் அதுதான். படிப்பு ஓராண்டு தள்ளிப்போனால் குடி மூழ்காது.

சேர்க்கை பற்றி, சுருக்கமாக

மறுக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்கவேண்டும் என்று 16-ஆம் பிரிவில் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி 31-ஆம் பிரிவில் இருக்கிறது. அது அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பது குழந்தையின், பெற்றோரின் விருப்பம். தலைமை ஆசிரியர் யோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. கடுமையான குறைபாடு இருந்தால் வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பும் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் உண்டு. அதுவும் பெற்றோர் கேட்டுப் பெறுவதுதான். பள்ளி தன் வசதிக்காக ஒதுக்கித் தருவதற்கில்லை. ஊனச் சான்றிதழ் வந்தால்தான் சேர்ப்போம் என்பதும் தவறு. சேர்த்துவிட்டுச் சான்றிதழுக்கு அனுப்புங்கள்.

இதையெல்லாம் தலைமை ஆசிரியரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டிச் சொல்லவேண்டாம். ஓய்வுக்குச் சில ஆண்டே இருக்கும் மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இருப்பது வெறுப்பு இல்லை, பயம். "சார், எமிஸில், அதான் துறையின் இணையப் பதிவேட்டில், மூன்று பேரையும் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் என்று ஏற்றிவிட்டால், வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்டும் நம் பள்ளிக்கு வந்தாக வேண்டும், ஏற்றாவிட்டால் யாரும் வர மாட்டார்கள்" என்று சொல்லுங்கள். அவருக்குப் புரிகிற கணக்கு அது.

பேசாத பெண்: ஜூன் வரை காத்திருக்கவேண்டாம்

மூன்று பேரில் அவசரம் இவளுக்குத்தான். நீங்களோ அவளைத்தான் கடைசியில், "இவள் பரவாயில்லை, தமிழ் பழகினால் பேசிவிடுவாள்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

தளி, அஞ்செட்டி, கெலமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் இந்தக் குழப்பம் சகஜம். வீட்டில் கன்னடம் அல்லது தெலுங்கு, பள்ளியில் தமிழ். குழந்தை பேசாமல் இருந்தால் மொழி புரியவில்லை என்று விட்டுவிடுவோம். ஆனால் கன்னடம் பேசும் வீட்டில் ஐந்தரை வயதுக் குழந்தை கன்னடத்தில் வாய் ஓயாமல் பேசவேண்டும். கன்னடத்திலும் நாலைந்து சொல்தான் என்றால் மொழி காரணமில்லை. முதலில் காதைப் பார்க்கவேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும் முன்பே நீங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டேனியல் லிங் என்பவர் வகுத்தது. ஆறே ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். எந்த மொழிக் குழந்தைக்கும் இது பொருந்தும் என்பதால் உங்கள் பள்ளிக்கு ரொம்ப வசதி. அவள் முன் ஒரு கிண்ணமும் கொஞ்சம் புளியங்கொட்டையும் வையுங்கள். சத்தம் கேட்டதும் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போடவேண்டும் என்று முதலில் எதிரே உட்கார்ந்து விளையாட்டாகப் பழக்குங்கள். பழகியபின் அவளுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளிப் போய், சாதாரணக் குரலில், ஒரு நேரத்தில் ஓர் ஒலி மட்டும், இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் சொல்லுங்கள். நிழல் அவள் மேல் விழக்கூடாது, மூச்சுக் காற்று பிடரியில் படக்கூடாது. 'ஆ', 'ஊ' கேட்டுக் கொட்டை விழுந்து, 'ஸ்', 'ஷ்' கேட்டு விழாமல் இருக்கும் குழந்தைகள் உண்டு. வீட்டில் "நாய் குரைத்தால் திரும்புகிறாளே, காது நன்றாகத்தானே கேட்கிறது" என்று அடித்துச் சொல்வது இவர்களைப் பற்றித்தான். தட்டைத் தட்டிப் பார்ப்பது, கைதட்டிப் பார்ப்பது எல்லாம் இதனால்தான் ஏமாற்றும். அதேபோல, ஆறுக்கும் கொட்டை விழுந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் கூடாது. இந்தச் சோதனை வழிகாட்டுமே தவிர, நோயைச் சொல்லாது.

எப்படி இருந்தாலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு இந்த மாதமே அனுப்பிவையுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ, சளி கோத்து நடுக்காதில் நீர் நின்றிருந்தாலோ சிகிச்சையில் சரியாகிவிடும். நரம்புக் கேளாமை என்றால் கருவி. கருவி போதாது, உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது இலவசம். ஆனால் ஆறு வயதுக்குள் இருக்கவேண்டும். அவளுக்கு ஐந்தரை. பரிசோதனை, அனுமதி என்று ஓடும் நாட்களைக் கழித்தால் கையில் எதுவும் மிஞ்சாது. இதனால்தான் அவசரம் என்றேன்.

கடிதத்தில் இரண்டு விஷயம் திருத்தவேண்டும். ஒன்று, வீட்டில் கன்னடத்தை நிறுத்திவிட்டுத் தமிழே பேசுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி போய் அதைத் திரும்பப் பெறுங்கள். அந்த அம்மாவுக்குத் தாலாட்டவும் திட்டவும் கொஞ்சவும் வருவது கன்னடம். அரைகுறைத் தமிழில் அவர் பேசினால் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சே குறைந்துபோகும். வீட்டு மொழி வலுவாக இருந்தால்தான் அதன் மேல் தமிழ் ஏறும். பேச்சுப் பயிற்சியும் கன்னடத்தில் கிடைத்தால் நல்லது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது அப்படியொன்றும் தூரமில்லை.

இரண்டாவது, "அக்கா மகளையே கட்டியதால் வந்த வினை" என்று எழுதியிருக்கிறீர்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் பிறவிக் கேளாமை கூடுதலாக வருவது உண்மைதான். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவருக்குப் பயன்படும். வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். மாமியார் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.

வகுப்பில் அவள் உங்கள் முகத்தைப் பார்க்கும் தூரத்தில் உட்காரவேண்டும். நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். வெளிச்சம் உங்கள் மேல் விழும்படி நில்லுங்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். கத்தவும் வேண்டாம், கத்தினால் உதடு கோணிப்போகும்.

முடக்குவாதப் பையன்: பென்சிலுக்கு முன் நாற்காலி

உட்காரத் தெரியாத குழந்தை எழுத முடியாது. தன் உடம்பு சரியாமல் பிடித்துக்கொள்வதிலேயே அவன் சக்தியெல்லாம் போய்விடும். ஆகவே அவனுக்கு முதல் பாடநூல் நாற்காலி. கைப்பிடி வைத்த சின்ன நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்கவேண்டும். பாதம் தொங்கினால் கீழே ஒரு மரப்பலகையோ செங்கல்லோ வைத்துப் பாதம் முழுதாகப் பதியச் செய்யுங்கள். இரண்டு விலாப் பக்கமும் சுருட்டிய துண்டு. இடுப்பில் அகலமான துணிப்பட்டை; வயிற்றில் இல்லை, தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில். எதிரே மேசை அவன் முழங்கை உயரத்துக்கு. மேசையில் முழங்கை ஊன்றியதும் தலை தானாக நிமிர்வதைப் பார்க்கலாம். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் விடவேண்டாம். பாயில் குப்புறப் படுக்கவைத்து, மார்புக்கடியில் தலையணை வைத்தும் கதை கேட்கலாம். அளவுகளைப் பிசியோவிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறப்பு நாற்காலியே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமும் பள்ளிக் கல்வித் துறையின் மருத்துவ மதிப்பீட்டு முகாம் மூலமும் கிடைக்கும். அது வரும்வரை செங்கல்லும் துண்டும் போதும்.

சிலேட்டை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பென்சிலில் சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்குங்கள். அப்படியும் எழுத வராமல் போகலாம். அதனால் அவனுக்கு எதுவும் தெரியாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். மூளை முடக்குவாதம் அசைவைத்தான் முதலில் தாக்குகிறது. கை ஒத்துழைக்காத, பேச்சு தெளியாத குழந்தைகளில் நல்ல அறிவுள்ளவர்கள் ஏராளம். இரண்டு படத்தைக் காட்டி எது யானை என்று கேளுங்கள். கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக் காத்திருங்கள். மற்றவர்களுக்கு ஐந்து நொடி தருவீர்களானால் இவனுக்குப் பதினைந்து.

காலை உணவுத் திட்டத்து ரவை உப்புமா இவனுக்குச் சிக்கல். உதிரியாக இருப்பதால் தொண்டையில் சிதறும். சாம்பார் விட்டுக் கூழாக மசித்து, நிமிர்ந்து உட்காரவைத்து, தாடை சற்றே கீழிறங்கியிருக்க, கரண்டியை எதிரிலிருந்து, வாய்க்குச் சற்றுக் கீழிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். அண்ணாந்து தண்ணீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். புரையேறும், நுரையீரலுக்குப் போகும். சமைக்கும் அம்மாவுக்கு இதை நேரில் செய்துகாட்டுங்கள்.

வலிப்பு பற்றி: வந்தால் பக்கத்தில் இருக்கும் பெஞ்சை நகர்த்துங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். சாவியோ இரும்போ கையில் திணிக்கவேண்டாம். வாயில் எதையும் விடவேண்டாம். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கவேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ 108. உங்கள் ஊரில் அலைபேசி சிக்னல் எங்கே கிடைக்கும் என்று இப்போதே பார்த்து வையுங்கள், அஞ்செட்டி மலைப்பக்கம் அதுவே பெரிய வேலை. குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் மாதங்களில் மாத்திரை நின்றுபோனால்தான் பெரும்பாலும் வலிப்பு திரும்புகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனையில் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று பள்ளியில் இருக்கட்டும்.

உங்கள் தலையில் விழுமா என்ற கேள்விக்கு: அறிந்த முதலுதவியை நல்லெண்ணத்தோடு செய்தவரைச் சட்டம் தேடி வராது. கவனக்குறைவுதான் வழக்காகும். அதனால் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் நோய், மாத்திரை, மருத்துவர் விவரம், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய இரண்டு எண்கள் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு ஒரு தாள். மருத்துவர் எழுதித் தராமல் நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்த நாளில் நேரத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

ஓடும் பையன்

ஆட்டிசம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவரும் உளவியலரும். கூப்பிட்டால் திரும்பாததால் இவனுக்கும் காது பரிசோதனை தேவை. அந்தப் பெண்ணோடு ஒரே வண்டியில் அனுப்பிவிடலாம். கிருஷ்ணகிரியிலேயே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திலும் காட்டச் சொல்லுங்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை பார்ப்பார்கள்.

பள்ளியில் முதல் வேலை, வெளிக்கதவுக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி. கட்டிப்போடுவது, அறையில் பூட்டுவது, அடிப்பது எதுவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, தவிர அதனால் ஓட்டம் குறையவும் குறையாது. முந்தைய பள்ளியில் என்ன நடந்தது என்று அவன் அம்மாவிடம் மெல்லக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. ஓடுவதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது என மூன்று பத்தி. இரண்டு வாரம் எழுதினால் ஏதோ ஒன்று பிடிபடும். மணி அடிக்கும்போதெல்லாம் ஓடுகிறானா? வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்தும்போதா? சத்தம் தாங்காத குழந்தைக்கு மணி அடிப்பதற்கு முன் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி நிற்க விட்டாலே பாதி ஓட்டம் நின்றுவிடும். அடுத்தது என்ன என்று தெரியாத தவிப்பில் ஓடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வழிபாடு, பாடம், சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று ஐந்து படம் அலைபேசியில் எடுத்து அச்சடித்துச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே கழற்றிப் பெட்டியில் போடட்டும்.

பாட்டில் மூடியைப் பிடுங்காதீர்கள். அதுதான் உங்கள் பாடக்கருவி. சிவப்பு மூடி ஒரு பக்கம், நீல மூடி ஒரு பக்கம். மூன்று மூடி எடு, ஐந்து மூடி எடு. வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் சுழற்றிக்கொள்ளலாம் என்பது அவனுக்குச் சம்பளம். முதல் நாளில் மூன்று நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

மற்ற குழந்தைகள், மற்ற பெற்றோர்

மூன்று வகுப்பை ஒரே அறையில் நடத்தும் உங்களுக்கு ஒரு சாதகம் இருப்பதைக் கவனிக்கவில்லை. 2022-இலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தானே நடத்துகிறீர்கள்? எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலை என்று பார்க்கப் பழகிய ஆசிரியருக்கு இன்னொரு நிலையைச் சேர்ப்பது புதிய வேலையே இல்லை. இந்த மூவருக்கும் ஆளுக்கு ஒரு பக்கத்தில் தனிக் கல்வித் திட்டம் எழுதுங்கள். "தமிழ் வாசிப்பில் முன்னேறுவான்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "செப்டம்பருக்குள் தன் பெயர் அட்டையை நான்கு அட்டைகளிலிருந்து எடுப்பான்" என்று எழுதினால் செப்டம்பரில் சரிபார்க்கலாம்.

முணுமுணுக்கும் பெற்றோருக்குக் கூட்டம் போட்டு விளக்கம் சொல்லி மாளாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. முடக்குவாதப் பையனின் அம்மாவை உறுப்பினராக்குங்கள். சாய்தளம், கழிவறைக் கைப்பிடி எல்லாம் அவர் வாயால் தீர்மானமாக வரட்டும். குழந்தைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: "பாவம், அவனுக்கு உதவி செய்" என்று ஒரே பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். வாரம் ஒருவர் என்று மாற்றிவிடுங்கள். பையைத் திறப்பது முதல் டம்ளர் எடுப்பது வரை அவர்களே செய்துவிட்டால் இவன் எதையும் கற்கமாட்டான்.

சிறப்புப் பயிற்றுநரும் உங்கள் படிப்பும்

வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருநாள் வந்தாலே பெரிது என்று உங்களுக்குத் தெரியும். தொடக்க நிலையில் பத்துக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொல்லியிருக்கிறது, கேட்டுப் பெறவேண்டியதுதான். ஆனால் அவர் வரும்வரை அந்தக் குழந்தைகள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. வரும் நாளில் குழந்தையைத் திண்ணைக்கு அழைத்துப்போய்த் தனியே பாடம் எடுக்க விடாதீர்கள். வகுப்பிலேயே உங்களோடு உட்காரச் சொல்லுங்கள், ஒரு செயலைச் செய்துகாட்டச் சொல்லுங்கள், மீதி நாட்களில் அதை நீங்கள் தொடருங்கள். பெண் குழந்தைக்கு மாதம் 200 ரூபாய் ஊக்கத்தொகை, போக்குவரத்துப்படி, உடன் அழைத்து வருவோர் படி ஆகியவற்றின் விண்ணப்பங்களும் அவர் வழியாகத்தான் போகும்.

இனி அந்த 40,000 ரூபாய். நகையை வெளியே எடுக்கவேண்டாம். சிறப்பாசிரியராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு தேவை. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கவுன்சில் அங்கீகரித்த பட்டயமோ பி.எட். சிறப்புக் கல்வியோ முடித்தவருக்குத்தான் அந்தப் பதிவு கிடைக்கும். "ஆறு மாதம், வேலை உறுதி" என்று நோட்டீஸ் அடிப்பவர்களிடம் கவுன்சிலின் அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளப் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தாள் சுவரில் மாட்டத்தான். பொது வகுப்பில் இந்தக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க உங்களுக்கு அந்தப் பதிவு எதுவும் வேண்டாம். இப்போது இருக்கும் தகுதியே போதும். ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சியில், எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்விக்கான பகுதி திக்‌ஷா தளத்தில் இலவசமாக இருந்தது. கிருஷ்ணகிரி ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் அடுத்த பணியிடைப் பயிற்சி எப்போது என்றும் கேட்டுவையுங்கள்.

ஓராண்டு இந்த மூவரோடு இருந்துவிட்டு, அப்போதும் ஆசை இருந்தால் பி.எட். சிறப்புக் கல்வி படியுங்கள். கேளாமை, பார்வையின்மை, அறிவுத்திறன் குறைபாடு என்று அது பிரிவு பிரிவாக இருக்கிறது. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். சேரும் முன் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அனுமதியில்லாமல் முடித்த பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதற்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.